பதினெட்டுக்குக் குறையாமல்: அம்மாவின் கொழுந்துக் கணக்குக்கு ஒரு சிறு நிரல்

அந்தித் தேயிலைக் கொழுந்தை நிறுத்து முடித்து லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) வந்ததும் அம்மா முதலில் எடுப்பது கணக்குக் கொப்பியைத்தான். காலை, மதியம், அந்தி என்று மூன்று தடவை நிறுத்த எடையும், சாக்குக்கும் தண்ணீருக்கும் கழித்தது போக மிஞ்சிய கூட்டுத்தொகையும் ஒரே வரியில் ஏறிவிடும். பல வருடங்களாக இப்படி எழுதுகிறார். ஆனால் மாத முடிவில் அந்த வரிகளைச் சம்பளத் துண்டோடு வைத்துச் சரிபார்க்க அவருக்கு நேரம் கிடைத்ததே இல்லை. அந்த வேலையைக் கைத்தொலைபேசியிடம் ஒப்படைக்கலாம் என்றுதான் இந்த நிரலை எழுதத் தொடங்கினேன். நான் இலங்கை மலையகத்தின் ஹட்டன் நகரில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் வேலை செய்கிறேன். நிரலாக்கம் கற்கத் தொடங்கி ஐந்து மாதங்கள் ஆகின்றன.

தோட்டக் கணக்கு தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். ஒரு நாள் வேலைக்கு ஒரு ‘பேர்’. எங்கள் தோட்டத்தில் அன்றைய அளவு 18 கிலோ. அதை எடுத்தால் முழுப் பேர், எடுக்காவிட்டால் அரைப் பேர். ஞாயிற்றுக்கிழமையிலும் போயா என்ற பௌர்ணமி விடுமுறை தினத்திலும் வேலை செய்தால் ஒன்றரைப் பேர். அளவுக்கு மேலே எடுக்கும் கிலோவுக்குத் தனிக் காசு உண்டு. அதை இந்த நிரலில் நான் தொடவில்லை.

சோதனைக்கு 2025 ஜூன் மாதத்தை எடுத்துக்கொண்டேன். மழை மாதம். அம்மா 22 நாட்கள் வேலைக்குப் போயிருந்தார். அவற்றில் 20 சாதாரண நாட்கள், ஒரு ஞாயிறு, 10ஆம் திகதி வந்த பொசன் போயா. சம்பளத் துண்டில் சாதாரண நாட்களுக்கு 18 பேரும் மற்ற இரண்டு நாட்களுக்கு 3 பேருமாக மொத்தம் 21 பேர் என்று இருந்தது. என் நிரலும் 21 என்று சொல்ல வேண்டும், அல்லது ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிய வேண்டும்.

எழுதியது ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில். கைத்தொலைபேசியின் உலாவி ஒன்றே போதும், வேறெதையும் நிறுவத் தேவையில்லை. மதிப்புகளை வைத்திருக்கும் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. முதல் நாள் சாதாரண நாட்களுக்கு மட்டும் எழுதிய வரி இது:

பேர் = கிலோ > 18 ? 1 : 0.5

கேள்விக்குறிக்கு முன்னால் இருப்பது நிபந்தனை. அது மெய்யானால் 1, பொய்யானால் 0.5. இருபது நாட்களையும் கூட்டியதும் திரையில் 16.5 என்று வந்தது. துண்டில் இருப்பதோ 18. ஒன்றரைப் பேர் வித்தியாசம்.

இது நிரலின் பிழை என்று கண்டுபிடிக்க எனக்கு ஓர் இரவு பிடித்தது. கொப்பியை வரிவரியாக நிரலின் விடையோடு ஒப்பிட்டுக்கொண்டே போனேன். 4ஆம் திகதி 18 கிலோ, நிரல் அரைப் பேர் போட்டிருந்தது. 17ஆம் திகதியும் 18, அதற்கும் அரைப் பேர். 26ஆம் திகதியும் அப்படியே. மூன்று நாட்களும் அம்மா சரியாகப் பதினெட்டில் நின்றிருக்கிறார். பதினெட்டைக் காட்டிலும் பதினெட்டு பெரியதா என்று நான் கேட்டிருக்கிறேன், இல்லை என்று அது சரியாகவே பதில் சொல்லியிருக்கிறது. மூன்று அரைகள் சேர்ந்து ஒன்றரை.

அடுப்படியில் இருந்த அம்மாவிடம் விதியை இன்னொரு தடவை கேட்டேன்.

“பதினெட்டுக்குக் குறையாமல் எடுத்தால் முழுப் பேர், பிள்ளை” என்றார்.

குறையாமல்! ‘மேல்’ என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை. அதை என் மனத்தில் நானாக வைத்துக்கொண்டிருந்தேன். குறைவு என்பது கிலோ < 18. அதை மறுத்தால் !(கிலோ < 18). இரண்டையும் சுருக்கினால் கிலோ >= 18. எல்லைக்கோட்டில் நிற்கும் எண்ணை எந்தப் பக்கம் சேர்ப்பது என்ற முடிவு அம்மாவின் ஒரே சொல்லில் முழுமையாக இருந்தது. தமிழில் இந்த வேறுபாட்டைச் சொல்லும் சொற்கள் ஏற்கனவே நம் கையில் இருக்கின்றன. ‘பதினெட்டைத் தாண்டினால்’ என்பது >. ‘பதினெட்டுக்குக் குறையாமல்’ என்பது >=. ‘பதினெட்டுக்கு மிகாமல்’ என்பது <=. ‘பதினெட்டுக்குள்’ என்று யாராவது சொன்னால் மட்டும், பதினெட்டும் சேர்த்தியா என்று திருப்பிக் கேட்டுக்கொள்ள வேண்டும். அன்றிலிருந்து குறியைத் தட்டுவதற்கு முன் விதியைத் தமிழில் ஒரு முழு வாக்கியமாகக் கொப்பியில் எழுதிக்கொள்கிறேன்.

ஒரு குறியைச் சேர்த்ததும் 18 வந்துவிட்டது. சேர்க்கும்போது இடம் மாறிப் போய் => என்று ஒரு தடவை தட்டிவிட்டேன். ஜாவாஸ்கிரிப்டில் அது ஒப்பீடு அல்ல, ஒரு செயற்கூறை, அதாவது அழைத்தால் ஒரு வேலையைச் செய்யும் சிறு நிரல் துண்டை, எழுதும் முறை. அடைப்புக்குறிக்குள் (கிலோ => 18) என்று போட்டால் அது பிழை என்று நிற்பதில்லை. ஒரு செயற்கூறு அங்கே இருக்கிறது, இருப்பது மெய்யாகக் கொள்ளப்படும், ஆகவே எல்லா நாளும் முழுப் பேர். நல்ல வேளையாக 20 என்ற எண்ணைப் பார்த்ததும் பிடிபட்டது. தனி = குறியும் இதே வகை ஆபத்துதான். அது கேட்பதில்லை, மதிப்பை மாற்றிவிடுகிறது. கேட்பதற்கு == அல்லது === வேண்டும். தம்பி பாடசாலையில் பாஸ்கல் என்ற நிரல்மொழியைப் படிக்கிறான்; அவனுக்கு மதிப்பை வழங்குவதற்கு := என்றும் ஒப்பிடுவதற்கு தனி = என்றும் இருப்பதால் என் வரிகளைப் படிக்கும்போது ஒவ்வொரு தடவையும் நின்று யோசித்தான். இந்தச் சமக்குறியை 1557இல் முதன்முதலில் அச்சேற்றியவர் ரொபர்ட் ரெக்கோர்ட் என்ற வேல்ஸ் நாட்டுக்காரர். இணையாக ஓடும் இரண்டு கோடுகளைப் போல் சமமானவை வேறில்லை என்று அவர் காரணமும் எழுதி வைத்தார்.

இரண்டாம் நாள் ஒரு சிறு வசதியைச் சேர்த்தேன். அளவு எல்லா மாதமும் 18ஆக இருக்க வேண்டியதில்லை, தோட்டத்துக்குத் தோட்டமும் மாறும். ஆகவே 18ஐ நிரலுக்குள் எழுதாமல் திரையில் ஒரு பெட்டி வைத்து அதில் தட்டும்படி செய்தேன்.

பேர் = கிலோ >= அளவு ? 1 : 0.5

உடனே விடை 18.5 ஆகிவிட்டது! குறி சரி, எண்கள் சரி, முதல் நாள் சரியாக வந்த கணக்கு. ஒவ்வொரு நாளுக்கும் விடையைத் தனித்தனியாகத் திரையில் அச்சிட்டுப் பார்த்தேன். 12ஆம் திகதி அடைமழையில் அம்மா 9 கிலோ எடுத்த நாளுக்கு முழுப் பேர் விழுந்திருந்தது. ஒன்பது பதினெட்டுக்குக் குறையாதது என்கிறது நிரல்.

விளங்கிய பிறகு எளிதாகத்தான் இருக்கிறது. பெட்டியில் தட்டும் எதுவும் நிரலுக்குள் எழுத்துச் சரமாகத்தான், அதாவது எழுத்துகளின் வரிசையாகத்தான் வருகிறது. முதல் நாள் ஒரு பக்கம் பெட்டியில் தட்டிய கிலோ என்ற சரம், மறு பக்கம் நான் எழுதிய 18 என்ற உண்மையான எண். ஒரு பக்கம் எண் இருந்தால் ஜாவாஸ்கிரிப்ட் மறு பக்கத்தையும் எண்ணாக மாற்றிக்கொண்டு ஒப்பிடும். இரண்டு பக்கமும் பெட்டியிலிருந்து வந்ததும் இரண்டும் சரங்கள். சரங்களை அது அகராதியில் சொற்களை அடுக்குவது போல முதல் எழுத்திலிருந்து ஒப்பிடுகிறது. "9" என்பதன் முதல் எழுத்து 9. "18" என்பதன் முதல் எழுத்து 1. ஒன்பது ஒன்றுக்குப் பின்னால் வருவது, ஆகவே "9" பெரியது. முடிவு அங்கேயே ஆகிவிட்டது, 8ஐ அது பார்க்கவே இல்லை. 14, 16, 17 கிலோ எடுத்த மற்ற மூன்று நாட்களும் சரியாக அரைப் பேராகவே இருந்ததற்கும் இதுதான் காரணம். அவை எல்லாம் 1இல் தொடங்குவதால் இரண்டாவது எழுத்து வரை போய் உண்மையான விடைக்கு வந்திருக்கின்றன. அந்த மாதத்தில் ஒற்றை இலக்க நாள் ஒன்று இல்லாமல் போயிருந்தால் இந்தப் பிழை எனக்குத் தெரிந்தே இருக்காது. பெட்டியிலிருந்து வாங்கும் இடத்திலேயே எண்ணாக மாற்றிவிடுவதுதான் மருந்து. அதற்கு நம்பர்( ) என்று ஒரு செயற்கூறு இருக்கிறது. மீண்டும் 18.

மூன்றாம் நாள் ஞாயிறும் போயாவும். எழுதியது இப்படி:

பேர் = நாள் == "ஞாயிறு" || "போயா" ? 1.5 : (கிலோ >= அளவு ? 1 : 0.5)

|| என்பது ‘அல்லது’. வாய்விட்டுப் படித்தால் குறை எதுவும் தெரியாது: நாள் ஞாயிறு அல்லது போயா என்றால் ஒன்றரை. மொத்தம் 33 பேர் என்று வந்தது. முப்பது நாள் மாதத்தில் 33 பேர்! 22ஐ ஒன்றரையால் பெருக்கினால் 33. வேலை செய்த எல்லா நாளும் நிரலின் கண்ணுக்கு விடுமுறை நாள்.

இதைத் தம்பிதான் முதலில் பார்த்தான். “அக்கா, அந்த ‘போயா’ எதோடும் சேராமல் தனியாக நிற்கிறது” என்றான். அதேதான். ‘ஞாயிறு அல்லது போயா என்றால்’ என்று நாம் சொல்லும்போது ‘என்றால்’ இரண்டுக்கும் பொதுவாக நிற்கிறது. ‘ஞாயிறோ போயாவோ’ என்று ஓகாரத்தைப் போட்டு ஒரே வினையில் முடித்துவிடுவோம். நிரல் மொழி அப்படிப் பகிர்ந்துகொள்வதில்லை. || குறியின் இரண்டு பக்கத்திலும் அதற்கு ஒவ்வொரு முழுக் கேள்வி வேண்டும். இடது பக்கம் ‘நாள் ஞாயிறா?’ என்று முழுக் கேள்வி இருந்தது. வலது பக்கத்தில் "போயா" என்ற வெறும் சொல். வெறுமையாக இல்லாத எந்தச் சரமும் நிபந்தனைக்குள் வந்தால் மெய்யாகக் கொள்ளப்படும். ‘எதுவோ அல்லது மெய்’ என்றால் எப்போதும் மெய். எழுத வேண்டியது:

நாள் == "ஞாயிறு" || நாள் == "போயா"

சொன்னதையே இரண்டு தடவை சொல்வது போலத் தோன்றும். அப்படித்தான் சொல்ல வேண்டும். புதிதாகக் கற்கும் எவருக்கும் நான் முதலில் காட்ட விரும்பும் பிழை இதுதான். ஏனென்றால் மொழியறிவு நன்றாக இருப்பவர்தான் இதில் விழுகிறார்.

திருத்திய பிறகு 21 வந்திருக்க வேண்டும். வந்தது 20.5. ஞாயிற்றுக்கு 1.5 சரியாக விழுந்தது, போயாவுக்கு 1 மட்டும். இந்த அரைப் பேருக்குச் செலவான நேரம் மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆனதை விட அதிகம்.

திரையில் "போயா" என்று இருக்கிறது. நிரலிலும் "போயா" என்று இருக்கிறது. இரண்டையும் == போட்டு ஒப்பிட்டால் பொய் என்கிறது. பின்னால் இடைவெளி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. எழுத்துருவை மாற்றிப் பார்த்தேன். கடைசியில் இரண்டு சொற்களின் நீளத்தையும் அச்சிட்டேன். என்னுடையது 4, பட்டியலில் இருந்தது 5.

போயா நாட்களின் பட்டியல் எனக்குக் கிடைத்தது பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து பிறகு யூனிகோடுக்கு மாற்றிய ஒரு கோப்பிலிருந்து. பழைய எழுத்துருக்களில் ‘போ’ என்று அடிக்க முதலில் இரட்டைக் கொம்பு, பிறகு ப, பிறகு கால் என்று மூன்று விசைகளை அழுத்துவோம். யூனிகோடில் ‘ோ’ என்ற ஓகாரக் குறிக்கு ஒரே ஒரு குறியெண் (கணினி அந்தக் குறியைச் சேமிக்கும் எண்) இருக்கிறது. ஆனால் ஏகாரத்தின் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியெண்களாக அடுத்தடுத்து வைத்தாலும் திரையில் அதே ‘போ’தான் தெரியும். மாற்றிய கருவி இரண்டாவது முறையில் வைத்திருக்கிறது. ப, ோ, ய, ா என்றால் நான்கு. ப, ே, ா, ய, ா என்றால் ஐந்து. கண்ணுக்கு ஒன்று, ஒப்பீட்டுக்கு இரண்டு. ஒகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் கூட இது பொருந்தும். ‘கொழுந்து’ என்ற சொல்லையே இரண்டு விதமாக எழுதிவைக்க முடியும் என்பதை நினைத்துக்கொண்டேன்.

யூனிகோடு இந்த இரண்டு வடிவங்களும் சமமானவை என்றே விதித்திருக்கிறது. ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர ஜாவாஸ்கிரிப்டில் நார்மலைஸ் என்ற செயற்கூறு உண்டு. இரண்டு பக்கமும் அதைப் போட்டதும் ஒப்பீடு மெய் ஆனது. திரையில் 21. தமிழில் பெயர்களையோ ஊர்களையோ தேடும் எதை எழுதினாலும் இந்த ஒரு படியை விட்டுவிடாதீர்கள். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட தொடக்கநிலைப் பாடங்களில் இது எனக்குக் கண்ணில் படவே இல்லை. அவர்களுடைய எடுத்துக்காட்டுகளுக்கு இது தேவைப்படுவதும் இல்லை.

அடுத்து, அம்மா எத்தனை சாதாரண நாட்களில் வீட்டில் இருந்தார் என்றும் காட்டலாம் என்று நினைத்தேன். அதற்கு மாதத்தின் சாதாரண நாட்களை எண்ண வேண்டும். ஞாயிறும் இல்லை, போயாவும் இல்லை என்பதை அவசரத்தில் !ஞாயிறு || !போயா என்று எழுதினேன். முப்பது நாளும் சாதாரண நாட்களாகிவிட்டன. தம்பி கொப்பியின் கடைசிப் பக்கத்தில் உண்மை அட்டவணை ஒன்று போட்டான். ஞாயிறு மெய், பொய். போயா மெய், பொய். மொத்தம் நான்கு வரிசைகள். நான் எழுதிய நிபந்தனை மூன்று வரிசைகளில் மெய். பொய்யாவது ஞாயிறும் போயாவும் ஒரே நாளில் வரும் வரிசையில் மட்டும். அந்த ஜூனில் அப்படி ஒரு நாள் இல்லை. சரியானது !(ஞாயிறு || போயா), அதாவது !ஞாயிறு && !போயா. மறுப்பு உள்ளே நுழையும்போது ‘அல்லது’ ‘மற்றும்’ ஆகிவிடுகிறது. இப்போது ஐந்து ஞாயிறும் ஒரு போயாவும் போக 24 நாட்கள், அம்மா போனது 20.

இந்த விதிக்கு டி மோர்கன் விதி என்று பெயர். கணிதவியலாளர் ஒகஸ்டஸ் டி மோர்கன் 1806இல் பிறந்தது நம் மதுரையில் என்பது தெரிந்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. மெய், பொய் என்ற இரண்டு மதிப்புகளுக்கு நிரல்மொழிகளில் வழங்கும் ‘பூலியன்’ என்ற பெயருக்கு உரியவரான ஜோர்ஜ் பூல் செருப்புத் தைப்பவரின் மகன், பெரும்பாலும் தானாகவே படித்து அயர்லாந்தின் கோர்க் நகரில் பேராசிரியர் ஆனவர். தர்க்கத்தை இயற்கணிதமாக எழுதிய தன் நூலை 1854இல் வெளியிட்டார். பத்து வருடங்கள் கழித்து, கொட்டும் மழையில் நடந்து கல்லூரிக்குப் போய், நனைந்த உடையோடு பாடம் நடத்தி, காய்ச்சலில் விழுந்து இறந்தார். படங்கைக் கட்டிக்கொண்டு ஜூன் மழையில் நிற்கும் அம்மாவின் கணக்கில் அவர் பெயரைத் தாங்கிய மெய்யும் பொய்யும் இருக்கின்றன.

இன்னொரு விதியையும் சேர்த்தேன்: 9 கிலோவுக்கும் குறைந்தால் பேர் இல்லை, கிலோக் காசு (எடுத்த கிலோவுக்கான காசு) மட்டும். அரைப் பேருக்கு 9 <= கிலோ < 18 என்று பாடசாலைக் கணிதம் போல எழுதினால் ஜாவாஸ்கிரிப்ட் ஏற்றுக்கொள்ளும், ஆனால் வேறு பொருளில். முதலில் 9 <= கிலோ என்பதற்கு மெய் அல்லது பொய் என்று விடை காண்கிறது. பிறகு அந்த விடையை 18உடன் ஒப்பிடுகிறது. மெய் 1, பொய் 0. இரண்டுமே 18ஐ விடச் சிறியவை. 5 கிலோவுக்கும் மெய், 25 கிலோவுக்கும் மெய். பைத்தன் என்ற இன்னொரு நிரல்மொழியில் இதே வரி நாம் நினைக்கும் பொருளிலேயே வேலை செய்யும் என்பதால் பைத்தன் படித்துவிட்டு வருபவர்கள் கவனிக்க வேண்டும். 9 <= கிலோ && கிலோ < 18 என்று பிரித்து எழுதினேன். ஜூன் மாதத்தில் 9க்குக் கீழே ஒரு நாளும் இல்லாததால் 8, 9, 17, 18, 19 என்று ஐந்து கற்பனை நாட்களை உள்ளே விட்டுச் சோதித்தேன். இப்போது எந்த மாற்றம் செய்தாலும் முதலில் ஓடுவது இந்த ஐந்தும்தான்.

ஞாயிற்றுக்கிழமை அடுத்த காம்பராவில் (லயத்து அறையில்) இருக்கும் பெரியம்மா தன் கொப்பியோடு வந்தார். தானே தட்டிப் பார்க்க வேண்டும் என்று கேட்டார், கொடுத்தேன். முப்பது பெட்டிகளிலும் பொறுமையாகப் பார்த்துத் தட்டினார். வேலைக்குப் போகாத ஆறு நாட்களின் பெட்டிகளை வெறுமையாக விட்டுவிட்டார். பேர்க் கணக்கு துண்டோடு ஒத்துப்போனது, ஆனால் கீழே ‘கிலோக் காசு நாட்கள்: 6’ என்று வந்தது.

“இந்த ஆறு நாளும் நான் மலைக்கே போகவில்லையே, மகள்” என்றார்.

வெறும் பெட்டியை எண்ணாக மாற்றினால் 0 வருகிறது. 0 ஒன்பதுக்குக் குறைவு. ஆகவே அவர் மலைக்குப் போய் ஒரு கிலோ கூட எடுக்காதது போல நிரல் எழுதிவிட்டது. எண்ணாக மாற்றுவதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று விடுபட்டிருக்கிறது. பெரியம்மா தேநீர் குடித்து முடிப்பதற்குள் அந்த வரியின் தொடக்கத்தில் பெட்டி !== "" && (பெட்டி வெறுமையாக இல்லை, மேலும்) என்று சேர்த்துவிட்டேன். இடது பக்கம் பொய்யானால் வலது பக்கத்தைப் பார்க்காமலேயே && நின்றுவிடும். ஆறு நாட்களும் பட்டியலிலிருந்து போயின. பெரியம்மா இன்னொரு தடவை மேலிருந்து கீழாக விரல் வைத்துப் பார்த்துவிட்டு, மே மாதத்துப் பக்கத்தைப் புரட்டினார்.